மின்னஞ்சலுக்குப் பெரட்டு எடுத்தவர்

மலாக்கா மாநிலத்திலேயே மின்னஞ்சலுக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். அவருடைய அப்பா புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்தே வளர்ந்த மகன், சிம்பாங் அம்பாட்டில் எங்கள் கையுறைத் தொழிற்சாலையின் மின்னஞ்சல் சர்வருக்குப் பொறுப்பாளரானார்.

விலாசம் தவறி வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அவரிடம் போய் விழும். அவற்றை அச்செடுத்து, காலை எட்டு மணிக்குக் கேண்டீனில் எல்லோரையும் நிறுத்தி உரக்கப் படிப்பார்.

“முனியாண்டி! மூணு முனியாண்டில யாருக்கு லா இது? ‘அன்பே, ஞாயித்துக்கிழம கிளேபாங் கடைக்கு வந்துருங்க.’ அப்பா பேரச் சொல்லி வாங்கிக்குங்க!”

மூன்று முனியாண்டிகளும் கூரையைப் பார்த்தார்கள். இருவரின் மனைவிமார் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மின்னஞ்சலில் வந்த என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். நான் எழுதவே இல்லை. வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். “ஒம்பேருதானேமா போட்டிருக்கு?” என்றார் அவர்.

அழுதுகொண்டே அண்ணனிடம் போனேன். கணினியில் இரண்டு நிமிடம் ஏதோ தட்டினார். மேனேஜருக்கு மேனேஜரிடமிருந்தே மின்னஞ்சல் போனது: ‘நான் வேலையை விடுகிறேன்.’

“பாருங்க போஸ், யார் பேரையும் யாரும் போடலாம் லா!”

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. அண்ணன் அவசரத்தில் அதை ஆபீஸ் முழுவதற்கும் அனுப்பியிருந்தார். மதியத்துக்குள் இரண்டு பேர் மேனேஜருக்குப் பிரியாவிடை உரை எழுதி முடித்திருந்தார்கள்.

எந்தக் கணினியிலிருந்து கிளம்பியது என்று ஒவ்வொரு மின்னஞ்சலிலும் குறிப்பு உண்டாம். என் ராஜினாமா கிளம்பியது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஸ்டோரில் பத்தொன்பதாம் எண் கணினியிலிருந்து. அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மறுநாள் பெரட்டில் பெயர்களுக்கு நடுவே அண்ணன் சாதாரணமாகக் கூப்பிட்டார்:

“வெள்ளிக்கிழம அஞ்சு மணி, பத்தொம்பதாம் நம்பர்!”

“இருக்கேண்ணே!” என்று கையைத் தூக்கினார் ஸ்டோர் சூப்பர்வைசர். அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர். கூப்பிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும். என் நாற்காலியைத் தன் மச்சினிக்குக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

என் வேலை பிழைத்தது. அதற்கடுத்த நாள் பெரட்டில் முதல் பெயர் என்னுடையது. “இருக்கேண்ணே” என்று போய்க் கையை நீட்டினேன். அவரிடம் எனக்குக் கடிதம் எதுவும் இல்லை.

“சும்மாதான் தங்கச்சி. இருக்கியான்னு பாத்தேன்.”