நிழல் விழாத ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்காரன் பாத்திரக்கடையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை நாள் ஆகிவிட்டது; வந்த ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை. சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, அவனையும் அவன் நோட்டையும் ஓரக்கண்ணால் பார்த்தபடி நழுவினார்கள்.

"வரி ஆபீஸ்னு நினைக்கிறாங்க தம்பி," என்றார் கடைக்காரர். "நானே முதல்ல அப்படித்தான் நினைச்சேன்."

ஜனங்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு தடவை அவன் எழுதிக் கொண்டுபோனதைப் பேராசிரியர் தூக்கி எறிந்துவிட்டார். "நீ பார்க்கணும், ஆனா நீ அங்க இருக்கக் கூடாது. இந்தத் தடவையும் உன் நிழல் விழுந்துச்சுன்னா பட்டம் கிடையாது."

மறுநாள் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, வாங்க வந்தவன் போல ஒரு குக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓர் அம்மாள் நேராக அவனிடம் வந்தாள்.

"இந்தக் குக்கர் நல்லாருக்குமாப்பா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா."

"ஏன்?"

"என் கருத்து கலந்துடும்."

அம்மாள் குக்கரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கையில வச்சிருக்கிறவனே வாயத் திறக்க மாட்டேங்கிறான். வெடிக்கிற குக்கர் போல," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சாயங்காலத்துக்குள் குக்கர் தெரு முழுக்க வெடித்துவிட்டது.

மூன்றாம் நாள் அண்டா அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தான். இரண்டு பேர் ஒரு கரண்டிக்குப் பேரத்தை ஆரம்பித்தார்கள். அருமையான ஆரம்பம். அவனுக்குத் தும்மல் வந்தது. மேலே இருந்த அண்டா உருண்டது, அதைப் பார்த்து மற்றவையும் உருண்டன, கடைசியாக ஆராய்ச்சிக்காரன் உருண்டு வந்தான். வந்தவர்கள் கரண்டியோடு ஓடிப்போனார்கள்.

அப்புறம் இரண்டு நாள் கடையில் ஈ காக்கை இல்லை.

"அண்ணே, உங்க பிழைப்பையும் கெடுத்தேன், என் படிப்பையும் கெடுத்துக்கிட்டேன். நான் கிளம்புறேன்," என்றான் அழாக்குறையாக.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத பரம்பரை அது.

"உட்காருங்க தம்பி. பின்னாடி சரக்கு ரூம் இருக்கு, கதவிடுக்கு வழியா பாருங்க. கூட்டம் நாளைக்குத் தானா வரும்."

வந்தது. அடடா, பேரமா அது! ஒரு சொம்புக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் மூன்று தடவை கோபித்துக்கொண்டு இறங்கிப் போய், மூன்று தடவையும் கூப்பிடாமலே திரும்பி வந்தார். ஒருத்தி வாணலியைத் தட்டிப் பார்த்து, "இந்தச் சத்தத்துக்கா இந்த விலை?" என்றாள். அவன் எழுதி எழுதி விரல் வீங்கியது.

இரண்டு வாரத்தில் இருநூறு பக்கம். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "உன் நிழல் ஒரு பொட்டுகூட இல்லை. இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் மத்தியானம், காலையில் ஒரு தவலைக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போன மீசைக்காரர், அதே தவலையோடு சரக்கு ரூமுக்குள் நுழைந்தார்.

"தம்பி, இதை எங்க வைக்கிறது?"

"வாங்கினதை ஏன் சார் திருப்பிக் கொண்டுவர்றீங்க?"

"நீங்க கிளம்பினப்புறம்தான் எல்லாரும் கொண்டுவந்து வைப்போம், இன்னைக்கு எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் மீசைக்காரர். "நான் கடைக்காரரோட சம்பந்தி, உங்க படிப்பு நின்னுடக் கூடாதுன்னு எங்க குடும்பமே முறை வச்சு வந்துட்டுப் போகுது. நாளைக்கு என் மச்சான் வர்றார், அவருக்குச் சண்டை போட வராது, கொஞ்சம் பார்த்து எழுதிக்குங்க."