குறட்டைத் துரை கண்ட இங்கிலீஷ் கனவு

இங்கிலீஷை எப்படி எப்படியோ கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பாதிரியாரிடம் அடி வாங்கிக் கற்றவர்கள் உண்டு, பட்டாளத்துக்குப் போய்க் கற்றவர்கள் உண்டு. தூங்கித் தூங்கியே கற்றுக்கொண்டவன் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் என் அறையில், என் பக்கத்துப் பாயில், பெரும்பாலும் என்னுடைய பேண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான். ஆகவே இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யாரும் கிடையாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. புதுக்கோட்டையில் கல்லூரி ஹாஸ்டலில் தங்கி இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கீரனூர்ப் பக்கம். அவன் கடற்கரைப் பக்கம், மீமிசலிலிருந்து வந்தவன். அட்டெண்டன்ஸில் அவனுக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எங்களுக்கு அவன் குறட்டைத் துரை. குறட்டை எதனால் என்று எங்கள் வராந்தாவில் நடந்துபோன எல்லோருக்கும் தெரியும். துரை எதனால் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு எங்கள் எல்லோருடைய இங்கிலீஷும் ஒரே லட்சணத்தில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் முடிய எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்த கூட்டம். எழுதச் சொன்னால் எதையாவது எழுதிவிடுவோம். பேசச் சொன்னால் தொண்டையில் மீன் முள் சிக்கியது மாதிரி ஆகிவிடும். இங்கிலீஷ் சார் பாடத்தை முடித்துவிட்டு, “எனி டௌட்ஸ்?” என்று கேட்பார். உடனே வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடும். பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது.

எங்கள் கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு நாள் அந்த மனிதர் தமிழிலேயே சொன்னார். “தம்பிகளா, ஒரு பாஷை எப்ப நம்ம பாஷை ஆகும் தெரியுமா? அதுல கனவு வரணும். வந்துட்டா அப்புறம் ஒங்கள யாரும் அசைக்க முடியாது.”

நாங்கள் அதைக் கேட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போனோம். குறட்டைத் துரை அறைக்குப் போய்ப் பாயை விரித்தான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் ஒரு பாடம் ஆகிவிட்டது. ராத்திரித் தூக்கம் உதவாது என்பது அவன் கட்சி. அது அடித்துப் போட்ட தூக்கம், கனவு வந்தாலும் காலையில் நினைவிருக்காது. மத்தியானத் தூக்கம்தான் இதற்குத் தோது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாடு முடிந்ததும் சன்னலோரம் பாயைப் போடுவான். வெளியே வேப்பமரம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அறந்தாங்கி பஸ் எங்கோ தூரத்தில் ஹாரன் அடிக்கும். இங்கிலீஷ் பேப்பரை முகத்தின் மேல் மூடிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பான். “கோ, வென்ட், கான். கம், கேம், கம். ஸ்லீப், ஸ்லெப்ட்...” இரண்டாவது ஸ்லெப்ட் என்றைக்கும் வந்தது கிடையாது. அதற்குள் குறட்டை வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் வேர்வையில் பேப்பர் மை கன்னத்தில் ஒட்டியிருக்கும். ஒரு தடவை டில்லிச் செய்தி பாதி அவன் மூக்கின் மேல் இருந்தது.

பத்தியம் வேறு. தயிர்ச் சோறு தின்றால் தமிழ்க் கனவுதான் வரும் என்று அதை நிறுத்திவிட்டு பேக்கரி ரொட்டிக்கு மாறினான். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றான்.

“என்னடா தேடுறே?”

“ஒன் பேண்ட் எங்கிட்டு வச்சிருக்கே?”

“எதுக்கு? எங்க போகப் போறே?”

“எங்கயும் போகல. படுக்கப் போறேன். வேட்டியக் கட்டிக்கிட்டுப் படுத்தா வெள்ளைக்காரன் கனவுல வருவானாடா? நீயே சொல்லு.”

அந்தப் பேண்ட் என் அப்பா கல்லூரிக்கென்று தைத்துக் கொடுத்தது. இருந்தது அது ஒன்றுதான். கசங்கிவிடுமே என்று நானே அதை உட்காராமல் நின்றுகொண்டே போட்டிருந்தவன். அதைப் போட்டுக்கொண்டு அவன் புரண்டு புரண்டு தூங்கியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பேண்ட் வேலை செய்தது. சாயங்காலம் பரபரவென்று எழுந்து உட்கார்ந்தான்.

“வந்தான்டா. தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு வந்தான்.”

அறையில் கூட்டம் கூடிவிட்டது. “இங்கிலீஷ்ல பேசுனானா?”

துரையின் முகம் வாடிப்போனது. “மீமிசல் கரையில வந்து நிக்கிறான். ‘என்னண்ணே, வஞ்சிரம் என்ன வெலைக்குத் தருவீங்க’ன்னு கேக்குறான். எங்க ஊருத் தமிழு, அப்படியே. இவனக் கூப்பிடவா நான் ரொட்டி தின்னேன்?”

அதற்கு அடுத்த கனவில் முன்னேற்றம் இருந்தது. திருச்சி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறான். டிக்கெட் பரிசோதகர் வருகிறார், “டிக்கெட் ப்ளீஸ்” என்கிறார். சுத்தமான இங்கிலீஷ். ஹாஸ்டலே கொண்டாடியது.

“நீ என்ன பதில் சொன்னே?”

“அவரு இங்கிலீஷ்ல கேட்டாருடா. நான் பயந்து எந்திரிச்சிட்டேன்.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். முழித்துக்கொண்டு இருக்கும்போது நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்பது சிரிக்கும்போது ஞாபகம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் திடீரென்று ரவுண்டு வந்தார். ஹாஸ்டலில் வார்டனுக்கு இங்கிலீஷ்தான் பாஷை. பேண்டும் பனியனுமாய், முகத்தில் பேப்பருடன் கிடந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, “வாட் ஆர் யூ டூயிங்?” என்று அதட்டினார். துரை கண்ணைத் திறக்கவே இல்லை. பேப்பருக்கு அடியிலிருந்து தெளிவாகப் பதில் வந்தது: “ஹோம் வொர்க், சார்.” வார்டனுக்கு என்ன தோன்றியதோ, அப்படியே திரும்பிப் போய்விட்டார். துரை எழுந்ததும் நாங்கள் சொன்னோம். அவன் நம்பவில்லை.

இப்படியே போயிருந்தால் வேடிக்கையாகவே போயிருக்கும். இரண்டாம் வருஷத்தில் பிரின்சிபால் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு பையனும் தன் எதிரில் நின்று நாலு வாக்கியம் இங்கிலீஷில் பேச வேண்டும். பேசாதவனுக்கு செலக்‌ஷன் கிடையாது. அந்த வருஷம் பரீட்சையும் கிடையாது.

செய்தி எப்படியோ மீமிசலுக்கு எட்டிவிட்டது. துரையின் மச்சான், அக்காவைக் கட்டியவர், அங்கே மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறவர், நேரில் வந்தார். நல்ல மனிதர், குரல்தான் கடலுக்குக் கேட்கிற குரல்.

“மாப்ள, ஒங்க ஆத்தா ஆசைப்பட்டுச்சேன்னுதான் ஒன்னையப் படிக்க விட்டேன். அது போய்ச் சேந்து ரெண்டு வருசமாகப் போகுது. நீ இங்கிட்டு பகல்ல தூங்குறேன்னு ஊரு பூரா பேச்சு. பேசுற பரீட்சை அன்னிக்கி வாரேன். தேறுனா இரு. தேறலன்னா பொட்டியக் கட்டு, எனக்குக் கரையில ஆளு வேணும்.”

அவர் போனபிறகு துரை மறுபடியும் பாயை விரித்தான். அவனுக்குக் கடல் பிடிக்கும். மீன் ஏலம் பிடிக்காது. கல்லூரியை விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

“முழிச்சிருக்கும்போது எங்கூடப் பேசிப் பழகேன்டா. தூங்குனா பரீட்சை தேறுமா?”

“பரீட்சைக்கு நீ சொல்றது சரிதான்” என்றான். “எனக்குக் கனவுலதான் வேணும்.”

கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நாளும் வந்தது. ஹாலில் எங்களை வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே மரத்தடியில் மச்சான், துரையின் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பிரின்சிபால் இங்கிலீஷில் கேட்டார். “ஐ ஏட் இட்லி, சார்” என்றேன். “எய்ட் இட்லிஸ்? வெரி குட்” என்று ஆச்சரியப்பட்டு எனக்கு செலக்‌ஷன் கொடுத்துவிட்டார். எட்டு இட்லி தின்றவன் என்ற பெயர் கல்லூரியை விட்டு வருகிறவரை என்னை விடவில்லை.

அடுத்தது துரை. பிரின்சிபால் கேட்டார்: “வாட் இஸ் த டிஃபரன்ஸ் பிட்வீன் ஹவுஸ் அண்ட் ஹோம்?”

தமிழில் இரண்டுக்கும் வீடு என்றுதான் சொல்லி வளர்ந்திருக்கிறோம். பக்கத்திலிருந்தவன் என் காதில் கிசுகிசுத்தான்: “தமிழய்யாவக் கேட்டா வீடுன்னா மோட்சம்னு மூணாவதா ஒண்ணு சொல்லுவாரு. நல்லவேளை, இவரு ரெண்டோட விட்டாரு.”

துரையின் பார்வை பிரின்சிபாலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நின்றுகொண்டே தூங்கிவிட்டானோ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி நிதானமாக ஆரம்பித்தான்.

“மை மதர் இன் ஹாஸ்பிடல், சார். டாக்டர் பிக் இங்கிலீஷ் டாக்கிங். மதர் ஆஸ்கிங் மீ, என்னப்பா சொல்றாரு?”

பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது.

“டாக்டர் சேயிங், டேக் ஹர் ஹோம். ஐ நோயிங் ஒன் வேர்ட் ஒன்லி, சார். ஹோம். ஐ டெல்லிங் மதர், வீட்டுக்குப் போகலாமாம் ஆத்தா. மதர் வெரி ஹேப்பி, சார். பஸ்ஸில் விண்டோ சீட். மீமிசல் வரைக்கும் டாக்கிங், டாக்கிங். தட் வீக் ஷி டைடு, சார்.”

கடைசியாகச் சொன்னான்: “ஐ தாட் ஹவுஸ், சார். ஹி செட் ஹோம்.”

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் சொன்னது எங்கள் தமிழய்யாவின் அந்த மூன்றாவது வீடு என்று எல்லோருக்கும் உறைத்தது. அந்தப் பதிலில் இலக்கணம் என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. புரியாதவர் என்று ஒருத்தரும் ஹாலில் இல்லை. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்டோம்.

“போதும்ப்பா. ஒக்காரு. நீ செலக்டட்.”

வெளியே மச்சானிடம் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பெட்டியைவிட்டு எழுந்து, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “இம்புட்டு இறுக்கிக் கட்டிட்டேனே, இத எவன் அவுக்கிறது” என்று கயிற்றோடு மல்லுக்கட்டினார்.

அன்று மத்தியானம் அறையில் துரை மீதியைச் சொன்னான். அவன் ஆத்தா கனவில் வந்துகொண்டேதான் இருந்தாளாம். அதே ஆஸ்பத்திரிக் கட்டில். “டாக்டரு கடகடன்னு பேசுறாருடா. ஆத்தா எம் மூஞ்சியப் பாத்து, என்னப்பா சொல்றாருன்னு கேக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. ஒரு தடவையாச்சும் முழுசா வெளங்கி, அதுக்குச் சரியாப் பதில் சொல்லிரணும்டா.”

இதற்காகத்தான் ரொட்டியும் பேப்பரும் என் பேண்டும். நான் பேண்டை எடுத்து அவன் பாயில் வைத்தேன்.

பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், இலை அசையவில்லை. நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை அமைதியானது போல் இருந்தது. குறட்டை நின்றிருந்தது. துரை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“வந்துருச்சுடா” என்றான்.

“என்ன வந்துருச்சு?”

“இங்கிலீஷ். டாக்டரு சொன்னது ஒரு வார்த்த விடாம வெளங்கிருச்சு.”

நான் புத்தகத்தை மூடினேன். “ஆத்தா கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. என்னப்பா சொல்றாருன்னுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

துரை சிரித்தான்.

“வீட்டுக்குப் போகலாமாம் ஆத்தான்னு சொன்னேன்.”

அவன் எழுந்து பேண்டை மடித்து என்னிடம் கொடுத்தான், இனிமேல் வேண்டாம் என்றான். வைத்துக்கொள்ளடா என்று அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் பாஸ் செய்தான், இங்கிலீஷிலும்தான். பிறகு வடக்கே எங்கோ ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொருகுகிறது. தயிர்ச் சோறுதான் சாப்பிடுகிறேன், தமிழ்க் கனவுதான் வருகிறது. எப்போதாவது அதில் ஒரு ரயில் வரும். கருப்புக் கோட்டும் என் பழைய பேண்டுமாய் ஒருத்தன் எதிரே வந்து நின்று, “டிக்கெட் ப்ளீஸ்” என்பான். பேண்ட் நன்றாகக் கசங்கியிருக்கும். நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விழித்துக்கொண்டுவிட்டால் அவன் போய்விடுவானே.