அறுபது ஆடுகளின் உடல் மெலிவுத் திட்டம்

சிரிக்க வைப்பேன், சத்தியம். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் ஓர் அலுவலக ஆணை இருக்கிறது. ஆணைக்கு முன்னால் சிரிப்பது ஒழுங்கீனம்.

"மேற்படி பண்ணையின் அறுபது செம்மறிப் பெட்டைகளும் மிகையான பருமன் காரணமாகச் சினை பிடிக்காதிருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஆகவே தீனி பாதியாகக் குறைக்கப்படுகிறது."

மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தால் பண்ணை அதிகாரியின் குரலே வந்துவிடும்.

கவனத்துக்கு எப்படி வந்தது? ஜன்னல் வழியாக. அதிகாரி அப்போது தொப்பை குறைக்கும் விரதத்தில் இருந்தார். காலையில் வெந்நீர், மதியம் பச்சை இலை, மணிக்கட்டில் காலடி எண்ணும் கருவி. பசியோடு வெளியே பார்த்தவருக்கு, கம்பளி மண்டிய ஆடுகள் எல்லாம் குண்டாகத் தெரிந்தன.

பண்ணையில் ஆடு பார்ப்பவர் என் அப்பா. "ஐயா, அது உடம்பில்ல, முடி. முதுகுல கை வெச்சுப் பாருங்க, எலும்பு குத்தும். இப்படி வத்தலா இருந்தா பருவத்துக்கே வராதுங்கய்யா."

"ஆட்டைத் தடவிப் பாக்கவா என்னை அதிகாரியா போட்டிருக்காங்க? தினமும் நடக்க விடு."

"எவ்வளவு தூரங்கய்யா?"

"மனுஷனுக்கு ரெண்டு கால், பத்தாயிரம் அடி. ஆட்டுக்கு நாலு கால். நீயே கணக்குப் போடு."

இருபதாயிரம் அடி நடந்தன. கிடாவை விட்டும் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. ஆக, இன்னும் குண்டு என்பது ஐயமற நிரூபணமாயிற்று. மீதித் தீனியிலும் பாதி போனது. கூடவே அடுத்த ஆணை: இனியும் சினை இல்லையேல் அறுபதும் கசாப்புக்கு.

அப்பா இரண்டு நாள் பட்டியிலேயே ஆடுகளோடு படுத்தார். ஒவ்வோர் ஆட்டையும் பிறந்த ஈரத்தோடு கையில் ஏந்தியவர். மூன்றாம் நாள் நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

முடி வெட்டி முடித்ததும் அதிகாரிக்குப் போன் போட்டேன். "பழசைத் தள்ளிட்டு வேற அறுபது அனுப்பியிருக்கேன், பாத்துக்கய்யா." மேலதிகாரியின் இருமல் உட்பட எல்லாம் என் தொண்டைதான்.

ஜன்னலில் எட்டிப் பார்த்த அதிகாரி அலறினார். "அடப்பாவிகளா, எலும்பும் தோலுமா நிக்குதே! மேலிடத்து ஆடுய்யா! ரெட்டைத் தீனி போடு, தானியம் போடு!"

மூன்று வாரம் தானியம். உடம்பு தேறியது. கிடாவை விட்டோம். ஐந்து மாதம் கழித்து எழுபத்தொன்பது குட்டிகள்.

பாராட்ட வந்த மேலதிகாரியிடம், "எல்லாம் நீங்க அனுப்பின ஆடுங்கய்யா," என்று அதிகாரி பல்லிளித்தார். மேலதிகாரி குனிந்து ஓர் ஆட்டின் காதுப் பட்டையைப் படித்தார். "நாப்பத்தொண்ணு. நீங்க மலடுன்னு எழுதின அதே ஆடு! நான் எப்பய்யா வேற ஆடு அனுப்பினேன்?"

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். உத்தியோக வாழ்வில் முதன்முறையாக அதிகாரி ஓர் ஆட்டின் மேல் கை வைத்தார். மறுபடி வளர்ந்திருந்த கம்பளிக்குள் விரல்கள் காணாமல் போயின. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ஓஹோ! அதே ஆடுங்க! முடியை மட்டும் வெட்டியிருக்கீங்க!"

"ஆமாங்கய்யா," என்றார் அப்பா.

"அப்போ முடி வெட்டினதாலதான் குட்டி போட்டிருக்கு!" அதிகாரி துள்ளினார். "ஐயா, எல்லாப் பண்ணைக்கும் கத்தரிக்கோல் அனுப்பிடுவோம். தீனியை அடியோட நிறுத்திடலாம்!"

"பிரமாதம்," என்றார் மேலதிகாரி. "கையெழுத்து எங்கே போடணும்?"