அரிசித் தாம்பாளமும் அப்பா மடியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. இத்தனை வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். நம்புவதற்குப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

என் மனைவி கலா நர்ஸ். விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு உழவர்கரையில் ஒரு கம்பெனியில் மதிய ஷிப்ட். ஆகவே எங்கள் மகள் யாழினியை எழுப்பிக் குளிப்பாட்டி, ரெட்டைப் பின்னல் போட்டு, இட்லி ஊட்டி, ப்ளே ஸ்கூலில் விடுவது முழுக்க என் இலாகா. (பின்னல் கொஞ்சம் கோணலாக இருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.) ஆனால் வாசலில் என்னைப் பார்த்ததும் ஸ்கூல் மேடம் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா வரலிங்களா சார்?" என்னவோ நான் பார்சல் கொடுக்க வந்தவன் மாதிரி. கூட்டம் போட்டால் அம்மாக்கள் கூட்டம். வாட்ஸப் குழு வைத்தால் அம்மாக்கள் குழு. பெற்ற தகப்பனுக்கு ஒரு தகவல் கிடையாது.

விஜயதசமியன்று பிள்ளைகள் அரிசியில் 'அ' எழுதும் விழா. கலாவும் லீவு போட்டு வந்திருந்தாள். புது வேட்டி கட்டிக்கொண்டு, யாழினியை மடியில் வைத்து, தாம்பாளத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மேடம் ஓடி வந்தார்.

"சார், அம்மாவ உக்காரச் சொல்லுங்க."

"ஏன், நான் உக்காந்தா இன்னா?"

"எப்பவும் அம்மா மடிதான் சார். அவங்க இல்லன்னா தாய்மாமன் உக்காரலாம்."

தாய்மாமன். என் மச்சான் அந்தக் குழந்தைக்கு ஒருநாள் மூக்குத் துடைத்தவனில்லை. எனக்கு வந்ததே கோபம். உட்கார்ந்த இடத்திலேயே பேச ஆரம்பித்தேன். பின்வரிசையில் பேரனோடு வந்திருந்த ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், தூபம் போட்டார்.

"நல்லா கேளுங்க முசியே. பிரான்சுல புள்ளைக்கி எல்லாம் அப்பன்காரன்தான் பண்றான்."

முசியே என்று ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டபிறகு எவனால் வாயை மூட முடியும்? குளிப்பாட்டுவதில் ஆரம்பித்து, காய்ச்சல் வந்தால் கஷாயம் வரைக்கும் போனேன். யாழினி நெளிந்தாள். காதைத் தொட்டாள். போன மாதம்தான் காது குத்தியிருந்தோம், அரிக்கிறது போல என்று ஊதிவிட்டேன். அடுத்த காதையும் பிடித்துக்கொண்டாள். அதையும் ஊதினேன். தூரத்தில் கலா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மேடம் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அத்தனை அம்மாக்களும் காதைத் தொட்டார்கள். சரி, பின்னால் கேட்கவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன்.

"என் பொண்ணுக்கு இன்னா வேணும்னு அது வாயத் தொறந்து சொல்ல வேணாம். எனக்கே தெரியும்..."

அப்போதுதான் மடியில் வெதுவெதுவென்று பரவியது. வேட்டியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தாம்பாளத்தையும் தொட்டது. வரிசையில் காத்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த ஒரே அரிசிதான்.

ஒண்ணுக்கு வந்தால் கத்தக்கூடாது, காதைத் தொட வேண்டும் என்று பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். வீட்டில் தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கிற பிள்ளை அவள். இந்தப் புது நாகரிகத்தை எங்கே சொன்னார்கள்? அம்மாக்கள் குழுவில். கலா படித்தாளாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாளாம். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

யாழினி மட்டும் என் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னேன்லப்பா" என்றாள்.

வேறு அரிசி வந்தது. யாழினியைக் கழுவி, கவுன் மாற்றினார்கள். கலாவின் மடியில் உட்கார்ந்துதான் அவள் 'அ' எழுதினாள். சொல்தா கொடுத்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் ஓரமாக நின்று பார்த்தேன். விரலைப் பிடித்து எழுதவைக்க வேண்டும் என்று எத்தனை ஆசையாகப் போனேன். அழுகை வந்துவிட்டது. துண்டில் துடைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுவருடம் பள்ளியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'இவ்வருடம் முதல் அப்பா மடியிலும் எழுதலாம். அப்பாக்கள் மாற்று வேட்டி கொண்டுவரவும்.' இந்தப் புதுச்சேரியில் தகப்பன்மார்களுக்கு உரிமை வாங்கிக் கொடுத்தவன் நான். ஒருவராவது நன்றி சொல்லியிருக்க வேண்டாமா? அம்மாக்களுக்கு ஏன் மாற்றுப் புடவை கேட்கவில்லை என்று மேடத்திடம் சண்டைக்குப் போனேன். சிரித்து அனுப்பிவிட்டார்.

யாழினி இப்போது ஐந்தாவது படிக்கிறாள். போன மாதம் என் மச்சான் நிச்சயதார்த்தத்தில் நாலு வார்த்தை பேசலாம் என்று எழுந்து மைக்கைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"பாத்ரூம் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்பா பேசப் போவுது."

என் மாமனார் நிஜமாகவே எழுந்து போனார்.