ஒத்தக்காது மாமன்

பாண்டி ஒரு பொய்யன். இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே நழுவிவிடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

பாண்டி என் பெரியம்மா மகன். என்னைவிட மூன்று மாதம் சின்னவன். நான் சின்னமனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அவன் வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் வயல், தோப்பு, திராட்சைத் தோட்டம் என்று சுற்றிக் காட்டுகிறான். (நாம் தினமும் பார்க்கிற வெங்காயத்தை அவர்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.)

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், என் தங்கை செல்வியின் மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் காது குத்துவார்கள். செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆக, மடி என் மடி. அந்த மடிக்கென்றே பட்டு வேட்டி வாங்கி வைத்திருந்தேன். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம்.

முந்தின நாள் சாயங்காலம் பாண்டி போன் செய்தான்.

"அண்ணே, காய்ச்சல்ணே. ஒடம்பு அனலாக் கொதிக்குது. மெட்ராஸ்ல இருந்து அஞ்சு பேரு வந்திருக்காக. நாளைக்கு மட்டும் நீ கூட்டிட்டுப் போயிட்டு வந்துருண்ணே."

"ஏலே, நாளைக்குக் காதுகுத்துடா."

"ஆறு மணிக்குக் கிளம்புனா எட்டரைக்கு முடிஞ்சுரும். வர்ற வழியிலதான கோயிலு? ஒன்னைய மாதிரி விவரமாப் பேச இங்கன வேற யாரு இருக்கா?"

அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். விவரமாகப் பேசுகிறவன் என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

காலையில் பாண்டியின் ஆரஞ்சு பனியனைப் போட்டுக்கொண்டு தலைக்கவசத்தோடு நின்றேன். அவன் ஒல்லி. நான் அப்படி இல்லை. என் மனைவி மீனா மேலும் கீழும் பார்த்தாள்.

"பொட்டலம் கட்டுன மாதிரி இருக்கீக. சீர்த் தட்டையும் ஒங்க வேட்டியையும் நான் வேன்ல கொண்டாந்துருவேன். ஆனா கோயிலுக்கு முந்தி ஊரு முக்குலதான் நிப்பேன். தாய்மாமன் இல்லாம சீரு உள்ள போகாது. ஒம்பது மணிக்கு அங்கன இருக்கணும்."

"எட்டரைக்கே இருப்பேன்டி" என்றேன்.

குறை சொல்ல முடியாத காலை அது. மேகமலை மேல் மேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்றங்காலில் நாலைந்து கொக்குகள். சைக்கிள் சங்கிலிச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். செடிக்குச் செடி இறங்கிவிடுவார்.

"கைடு, இது என்ன மரம்?"

"வாழை சார்."

"எந்த வகை?"

"காய்க்கிற வகை சார்."

அதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

இவர்களால்தான் தாமதமாயிற்று என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். அது பொய். (பாண்டியைப் பொய்யன் என்று சொன்ன பிறகு நானும் பொய் சொல்லக் கூடாது.) தாமதம் என்னால்தான்.

ஏழரைக்கே ஓடைப்பட்டி போய்விட்டோம். திராட்சைப் பந்தல் தாழ்வாக இருந்தது. குனிந்தே நடந்தோம். கறுப்புக் கொத்துகள் தலைக்கவசத்தில் இடித்தன. அவர்கள் அண்ணாந்து அதைப் படம் எடுத்தார்கள். தோட்டக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏப்பா, நீ காயில் கட்டுன மோட்டாருதான், மூணு நாளா ஒரு மாதிரி உறுமுது. வந்ததே வந்துட்ட, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயேன்."

அப்புறம் என்ன? ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கான்டாக்ட் தீய்ந்து கிடந்தது. உப்புத்தாள் கேட்டு வாங்கித் தேய்த்தேன். ஐந்து பேரையும் மோட்டார் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்து, இந்தப் பள்ளத்தாக்கே இதில்தான் ஓடுகிறது என்று ஆரம்பித்தேன். ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நாங்க போய் திராட்சை சாப்பிடலாமா?"

"இருங்கம்மா, மூணு ஃபேஸ்னா என்னன்னு சொல்லி முடிச்சுர்றேன்."

முடித்தபோது மணி எட்டே முக்கால். மோட்டார் பூனை மாதிரி ஓடியது. அப்போதுதான் மீனாவின் போன் வந்தது.

"எங்கன இருக்கீக? மேளக்காரக டீயும் குடிச்சுட்டாக, வடையும் தின்னுட்டாக. அடுத்து என்னையத்தான் திம்பாக."

"பக்கத்துல வந்துட்டேன்" என்றேன். கையில் இன்னும் உப்புத்தாள் இருந்தது.

ரோட்டு வழி சுற்று. தரிசு வழியாகப் போனால் கால் மணி நேரம்தான். சுற்றுலாத் திட்டத்தில் இல்லாத ஒரு சிறப்பு வழி காட்டுகிறேன் என்று சொல்லி இறக்கினேன். கைதட்டினார்கள். அந்தத் தரிசு முழுக்க நெருஞ்சி முள் பரவிக் கிடந்தது எனக்குத் தெரியும். அது சைக்கிள் டயரையும் குத்தும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஆறு சைக்கிளில் ஐந்து உட்கார்ந்துவிட்டன. மேனேஜர் ஒரு முள்ளைப் பிடுங்கிக் காட்டினார்.

"கைடு, இது என்ன வகை?"

என் வாய்வரை வந்த பதிலை அவரால் நோட்டில் எழுத முடிந்திருக்காது.

வாழைத்தார் ஏற்றப் போன டிராக்டர் ஒன்றைக் கும்பிட்டு நிறுத்தினேன். சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் முக்குக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. பனியனுக்கு மேலேயே மீனா எனக்கு வேட்டியைச் சுற்றிவிட்டாள். என் தலையை அவள் பார்க்கவில்லை. மேளம் அடித்தது. மேனேஜர் தானாகவே வந்து ஒரு சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டார். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டார்கள். தலைக்கவசம் போட்ட சீர் வரிசையை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கோயிலுக்குள் நுழைந்தால், பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதன் வலது காதில் தோடு. பிள்ளை உட்கார்ந்திருந்த மடி, சலவைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக இருந்த பாண்டியின் மடி.

"ஏலே! காய்ச்சல்னு சொன்ன?"

"விடியக்காலம் வேர்த்து விட்டுருச்சுண்ணே. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீ வரக் காணோம். காது குத்துற ஆசாரிக்கு அடுத்த ஊர்ல சோலி இருக்காம். நானும் மாமன் முறைதான?"

செல்வி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கூடப்பிறந்தவன் வருவான் வருவான்னு வாசலையே பாத்தேன். நீ மோட்டாரு நோண்டிக்கிட்டு இருந்தேன்னு ஓடைப்பட்டியில இருந்து வந்தவுக சொல்றாக!"

பாண்டியிடம் இருந்து பிள்ளையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, "குத்துங்கய்யா" என்றேன். ஆசாரி என் தலையைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு இடது காதைக் குத்தினார். போட்டோவில் நான் பட்டு வேட்டி, ஆரஞ்சு பனியன், தலைக்கவசத்தோடு இருக்கிறேன். எந்த நேரமும் மோதிவிடுவேன் என்பது போல பிள்ளை என்னைப் பார்க்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் ஒத்தக்காது மாமன். மருமகளுக்கு இப்போது ஏழு வயது. நான் அதட்டினால் இடது காதை மட்டும் பொத்திக்கொள்கிறாள்.

"ஒன் காதை மூடிட்டேன். இனிமே நீ பேசுனா எனக்குக் கேக்காது. இந்தப் பக்கம் பாண்டி மாமன் காது."

எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. ஊர் முக்கில் இருந்து கோயிலுக்கு மேளத்தோடு நடந்துவரப் பத்து நிமிடம் ஆனது. நான் உள்ளே நுழைந்தபோது அந்தக் காதில் ரத்தம்கூடக் காயவில்லை.

பாண்டி, வரும் தை மாதம் அதே கோயிலில் செல்வி மகனுக்குக் காதுகுத்து. மைக் செட் கட்டுவார்கள். பந்தி போடும் முன் அதைக் கையில் வாங்கு. மேளம் காதில் விழுவதற்கு முன் குத்தச் சொன்னாயா, விழுந்த பிறகு சொன்னாயா? சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.