மில்லிகிராம் இழந்த முன்னூறு

"மூணு லட்சமாமே மாப்ள!" செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார் மச்சான்.

"லட்சம் இல்ல, முன்னூறு. வெறும் முன்னூறு!" என்றார் மில்லிகிராம்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். அதனால் ஊர் வைத்த பெயர்தான் அது. காலையில் போனில் பார்த்தபோது வங்கிக் கணக்கில் முன்னூறு ரூபாய் குறைந்திருக்க, "திருடிட்டான்!" என்று ஒரு கத்தல் கத்தியிருந்தார். தெருவுக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி காதுக்கு இது போனால்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நான் ரெண்டுதான் சார் சொன்னேன். மூணாக்கினது மருந்துக்கடைக்காரர்," என்றார் முடிதிருத்துபவர்.

"உங்க மச்சானே சொன்னாரே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"முன்னூறுதான்யா!"

"பாவம், அதிர்ச்சியில ஆயிரத்த முழுங்கிட்டுப் பேசுறார்," என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார் கடைக்காரர்.

அலுவலகத்தில் வசூல் செய்து ஒரு உறையை நீட்டினார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார்.

"இதெல்லாம் எந்த மூலைக்குன்னு நினைக்கிறார்போல. பத்து லட்சமாவது போயிருக்கும்," என்றார் மேலதிகாரி.

கடைசியில் காவல் நிலையத்துக்கே போனார். "முன்னூறுதான் போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார்."

"முன்னூறுக்கு யாராவது இங்க வருவாங்களா? பயப்படாம சொல்லுங்க," என்று தோளைத் தட்டினார் அதிகாரி.

திரும்பும் வழியில் தெருமுனையில் போன் மோசடி பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். ஒலிபெருக்கி அலறியது: "இந்த ஒரே தெருவுல இருபது லட்சம் பறிபோயிருக்கு!"

"யாரு எண்ணினது?" என்று கூட்டத்தின் நடுவே கையைத் தூக்கினார் மில்லிகிராம்.

"பறிகொடுத்தவரே வந்திருக்கார்!" என்று மேடையிலிருந்து சொன்னார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் நழுவிவிட்டார்.

வீட்டு வாசலில் சம்பந்தியின் வண்டி நின்றது. மில்லிகிராம் உள்ளே ஓடினார். கூடத்தில் சம்பந்தி இறுகிய முகத்தோடு நின்றிருந்தார். வேலைக்குப் போயிருந்த மகள், அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, சத்தியமா முன்னூறுதான்..."

"தெரியும்," என்று சட்டைப்பையிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மில்லிகிராமின் கையில் திணித்தார் அவர். "ராத்திரி பேசிட்டிருக்கும்போது என் பையன் போன்ல காசு தீந்துபோச்சாம், உங்க போன்லேர்ந்து ரீசார்ஜ் பண்ணிவிட்டிருக்கா உங்க பொண்ணு!"