வீரசேகரன் வீடு திரும்பிய வாரம்

இதை நான் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. எனக்கு எதுவும் முன்னுக்குப் பின்னாகத்தான் ஞாபகம் வரும். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கே நிறுத்துவது, எங்கே பத்தி பிரிப்பது என்று இன்றைக்கும் தடுமாற்றம். வீட்டிலேயே ஓர் எழுத்தாளர் இருக்கிறார், அவரைச் சொல்லச் சொல்லலாம். ஆனால் அவரிடம் விட்டால் இந்தக் கதையில் ஒரு புலி வந்துவிடும். அதனால் நானே சொல்கிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பெயர் சுகுமாறன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுவிட்டு நாவலாசிரியர் ஆனார். எழுதுகிற பெயர் வேங்கைநாதன். உலு திராமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரம்புத்தான் மரத்துக்குக் குரங்கு வந்தால், காய்ந்த துணியை எடுக்க என்னை அனுப்பிவிட்டு, சன்னலை உள்ளிருந்து மூடிக்கொள்கிற வேங்கை.

வேலையை விட்ட அன்றே ஒரு கால அட்டவணை எழுதி ஐஸ் பெட்டியில் ஒட்டினார். ‘எழுத்து: காலை முழுவதும். காடு: மாதம் ஒரு முறை. குடும்பம்: மற்ற நேரம்.’ மற்ற நேரம் எது என்று நானும் தேடிப் பார்த்தேன். அவர் குறட்டை விடும் நேரம்தான் மிச்சம் இருந்தது.

காடு என்றால் கோத்தா திங்கிப் பக்கம் இருக்கும் குனோங் பந்தி மலை. லாரி ஓட்டும் கனகராஜ் என்பவர் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு தடவை அங்கே ஏறுவார். மற்றவர்கள் ஏறுவார்கள். இவர் அடிவாரத்து ஓடைக்கரையில் உட்கார்ந்து, நான் கட்டிக் கொடுத்த நெத்திலிச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, சாமான்களுக்குக் காவல் இருப்பார். ஒரு தடவை நான்கு அட்டை கடித்துவிட்டது. அதை வைத்து மூன்று அத்தியாயம் எழுதினார்.

நாவலின் பெயர் ‘பந்தி மலை வேங்கை’. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வாரா வாரம் வருகிறது. கதாநாயகன் வீரசேகரன். அவனுக்கு வீட்டில் ஒரு மனைவி. ‘போகாதே, போகாதே’ என்று கத்துவதுதான் அவளுக்கு வேலை. பதினான்கு வாரமாக அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. புலிக்குக்கூட வைத்துவிட்டார்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் ‘இவை அனைத்தும் ஆசிரியரின் நேரடி அனுபவங்கள்’ என்று போட வேண்டும். இது அவர் பத்திரிகைக்குப் போட்ட கட்டளை.

இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். அவர் மைப்பேனாவால்தான் எழுதுவார். கைப்பேசியில் தட்டினால் சொல்லின் உயிர் போய்விடுமாம். அந்த உயிரை எடுக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் தாளைக் கொடுப்பார். நான் இரண்டு கட்டை விரலாலும் தட்டி, வாட்சாப்பில் ஆசிரியருக்கு அனுப்புவேன். என் மகள் ரூபினி சொல்லிக் கொடுத்தாள்.

ரூபினிக்குத்தான் இப்போது வரன் வந்தது. பையன் வசந்தன், அவள் தினமும் போய்வரும் சிங்கப்பூரில் அவளோடு வேலை செய்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா ஐயாசாமி, பாலோவில் எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். மரியாதையில் கொஞ்சம் முறுக்கு. மூத்த மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா வீட்டில் இல்லை என்று, கொண்டுபோன தாம்பூலத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அவர் எங்கள் வீட்டுக்குத் தட்டோடு வர ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்.

இவரிடம் சொன்னேன்.

“அந்த ஞாயிறா? முடியாது. குனோங் பந்தி.”

“மலை அங்கேயேதாங்க இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்க மாட்டாங்க.”

“உனக்கு இதெல்லாம் புரியாது, செல்வராணி. வீரசேகரன் மலை உச்சியில நின்னு சூரியன் எழும்புறதப் பாக்கப் போறான். நான் பாக்காம எப்படி எழுதுறது? இந்தத் தடவ நானும் உச்சிக்கு ஏறுறேன்.”

“நம்ம வீட்டு வாசலுக்குக்கூட தினமும் சூரியன் வருது லா.”

“அது உலு திராம் சூரியன்!”

“அப்போ தட்ட யாரு வாங்குறது?”

“உன் தம்பி மனோகரன் வாங்கட்டும்.”

“அவனா இவளப் பெத்தான்?”

“ஓர் எழுத்தாளன் குடும்பம்னா கொஞ்சம் தியாகம் பண்ணத்தான் வேணும்.”

ரூபினி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. “அப்பா இருக்க மாட்டாராம்மா?” என்று மட்டும் கேட்டாள். கழுவிய டப்பாவையே திரும்பக் கழுவினாள். ஐயாசாமி தட்டைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நான் பயந்த சுபாவம். எனக்குக் கெட்டது எல்லாம் முன்கூட்டியே தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினைந்தாம் அத்தியாயம் வந்தது. தட்ட உட்கார்ந்தேன். வீரசேகரன் பையை மாட்டிக்கொண்டு புறப்படுகிறான். பெயரில்லாத மனைவி அகப்பையோடு வழியை மறிக்கிறாள். ‘மகளின் நிச்சயதார்த்தமா? ஹா ஹா! சடங்குகள் மனிதருக்கு, எனக்கோ காடு!’ என்று அவளைத் தள்ளிவிட்டுப் போகிறான்.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டில் நடப்பதைக் கதையில் போட்டது பெரிதில்லை. அந்த ‘ஹா ஹா’வைத்தான் என்னால் தட்ட முடியவில்லை.

பிறகு தட்டினேன். என்னமோ தட்டினேன். வீரசேகரன் கேட் வரைக்கும் போகிறான். பையை இறக்கி வைக்கிறான். திரும்பி வந்து, டப்பா கழுவிக்கொண்டிருக்கும் மகள் பக்கத்தில் நின்று, ‘பிள்ள, உனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்கிறான். அவள் தலையை ஆட்டுகிறாள். ‘மலைய ஏற ஆயிரம் பேரு இருக்காங்க. உன் தட்ட வாங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்’ என்கிறான். மனைவிக்குச் செல்வி என்று பெயர் வைத்தேன். செலவா ஆகப்போகிறது?

யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது. அலமாக்! அதற்குப் பிறகு ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் சூரியனைப் பற்றி யோசித்துக்கொண்டே சாப்பிட்டார், தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற ரொட்டி சானாயும் இரண்டு பத்திரிகையும் வாங்கி வந்தார். வாசலில் நின்றபடியே படித்தார்.

“செல்வராணி!”

“என்னங்க.”

“என்ன இது?”

“பேப்பருங்க.”

“இதுல இருக்குறது!”

“உங்க கதை. மேல உங்க பேரு இருக்கு. கீழ உங்க அனுபவம் இருக்கு.”

“நான் எழுதினது எங்க?”

“தட்டும்போது நழுவிருச்சு.”

“முழு அத்தியாயமுமா நழுவும்?”

“போன் பழசுங்க.”

“இப்பவே ஆசிரியரக் கூப்பிட்டு, இது நான் எழுதினதில்லன்னு சொல்றேன். மன்னிப்புக் கேட்டுப் போடணும்!”

கூப்பிட்டார். ஆசிரியர் குரல் சமையலறை வரைக்கும் கேட்டது. “வேங்கைநாதன் சார்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பதினாலு வாரமா புலி, புலின்னு உயிர எடுத்தீங்க. இன்னைக்குத்தான் சார் கதையில ஒரு மனுஷன் வந்திருக்கான். காலையிலருந்து ஒம்பது பேரு கூப்பிட்டுட்டாங்க. என் வீட்டுக்காரம்மா அழுதுட்டாங்க சார்!”

இவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“அது வந்து... எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு சார்” என்றார்.

நான் ரொட்டி சானாயைத் தட்டில் எடுத்து வைத்தேன்.

பாதி ரொட்டி தின்பதற்குள் கனகராஜ் கூப்பிட்டார். “அண்ணே, படிச்சேன். மகளுக்காக மலையையே விட்டுட்டீங்க! உங்க பேர லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன்.”

“இல்ல கனகா, அது சும்மா கதை...”

“கீழ போட்டிருக்கே அண்ணே, நேரடி அனுபவம்னு.”

அந்தப் பக்கம் போனை வைக்கவும் பாலோவிலிருந்து ஐயாசாமி கூப்பிட்டார். தட்டு மாற்றுவதற்கு முன்பே, “சம்பந்தி!” என்றார். “வீரசேகரன் நீங்கதான்னு வசந்தன் சொன்னான். வாங்கிப் படிச்சேன். அப்பன்னா அப்பன்! நான் வர்றேன். உங்க கையிலதான் தட்டக் குடுப்பேன். வேற ஒருத்தன் கை நீட்டக் கூடாது, ஆமா!”

“வாங்க, வாங்க. நான் வேற எங்க போகப் போறேன்” என்றார் இவர். அதுவரை அந்தக் கேள்விக்கு அவரிடம் குனோங் பந்தி என்று ஒரு பதில் இருந்தது.

எப்படியாவது இந்தப் பெருமையிலிருந்து தப்பிக்கலாம் என்று ஆசிரியரிடம் ஒரு வாரம் லீவு கேட்டார். ஆசிரியர் நல்லவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடர் வரும் இடத்தில், ‘எழுத்தாளர் வேங்கைநாதன் மகளின் நிச்சயதார்த்தத்தை முன்னிட்டு இவ்வாரம் தொடர் இடம்பெறவில்லை’ என்று பெட்டி கட்டிப் போட்டுவிட்டார். ஜொகூர் முழுக்க வாழ்த்துச் சொன்னது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு வருகிறவர்களுக்காக இவர் எட்டு மணிக்கே வேட்டி கட்டிக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். ஐயாசாமி விடவில்லை. அந்த வரியை உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். இவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“மலைய ஏற ஆயிரம் பேரு இருக்காங்க...”

நின்றுவிட்டார். மேலே வரவில்லை. காப்பித் தட்டோடு நின்ற நான், “உன் தட்ட வாங்க நான் ஒருத்தன்தான்” என்று எடுத்துக் கொடுத்தேன்.

“பாத்தீங்களா, வீட்டம்மாவுக்கே மனப்பாடம்!” என்று ஐயாசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவரும் துடைத்துக்கொண்டார். ரூபினி முதல் காப்பியை அவள் அப்பாவுக்குக் கொடுத்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாக, “வீரசேகரன் எப்பம்மா உங்கள மாதிரியே பேச ஆரம்பிச்சாரு?” என்றாள். நான் முறுக்கு எடுக்க உள்ளே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. இவர் இரண்டே தாளைக் கொண்டுவந்து வைத்தார். முதல் தாளில் தொடக்கம், இரண்டாவது தாளில் முடிவு. நடுவில் ஒன்றுமில்லை.

“ஆசிரியர் அந்த மாதிரியே வேணுங்கறாரு” என்றார், காலண்டரைப் பார்த்துக்கொண்டு. “நடுவுல நீயே பாத்துத் தட்டிரு. ரொம்ப நழுவ விடாத. கொஞ்சமா நழுவினாப் போதும்.”

“முடிவுல என்னங்க எழுதியிருக்கீங்க?”

“வீரசேகரன் டிசம்பர் மழையில வெள்ளத்துல இறங்கி ஆத்தத் தாண்டுறான். நானும் தாண்டிப் பாக்கப் போறேன். கனகராஜ்கிட்ட சொல்லியாச்சு. நிச்சயம்தான் முடிஞ்சிருச்சே, இனிமே நீ என்ன சொல்லித் தடுப்ப?”

டிசம்பர் மாதம் கோத்தா திங்கி ஆறு எப்படி ஓடும் என்று அங்கே குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள். இவருக்கு வயது ஐம்பத்தாறு. சர்க்கரை மாத்திரை தின்கிறவர். நீச்சல் தெரியாது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். “சரிங்க” என்று கைப்பேசியை எடுத்தேன்.

அந்த வாரம் வீரசேகரன் ஆற்றுக்கே போகவில்லை. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது முட்டி பிசகி, ஆறு மாதத்துக்கு மலை, ஆறு எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இவர் பத்திரிகையைப் பாதிதான் படித்திருப்பார். கேட்டுக்கு வெளியே லாரி நின்றது. “அண்ணே! முட்டி எப்படி இருக்கு?” என்று கனகராஜ் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கினார். இவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியிலிருந்து கட்டுத் துணியை எடுத்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். மனுஷர் பெருமூச்சு விட்டு, வேட்டியைத் தூக்கி, வலது காலை நீட்டினார்.

“இடதுங்க” என்றேன். “பேப்பர்ல வந்துருச்சு.”